ஒரு செக்பாக்ஸ்தானே, போட்டால் என்ன?

மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது எதிர்கொண்டிருக்கும் கேள்வி இது. "உங்களுக்கு இப்படித்தான் பிடித்திருக்கிறதா, சரி, அப்படியே இருக்கட்டும். எனக்கு வேறு மாதிரி வேண்டும். செட்டிங்ஸில் ஒரு செக்பாக்ஸ் போட்டுவிடுங்கள். வேண்டியவர் டிக் செய்துகொள்ளட்டும், வேண்டாதவர் விட்டுவிடட்டும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?"

நியாயமான கேள்விதான். நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். நான் எழுதிய சின்னச் சின்ன மென்பொருட்களுக்காக இதே கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்று: நஷ்டம் நிச்சயம் உண்டு. அதை யார் தலையில் கட்டுவது என்பதுதான் இந்தச் சண்டை முழுவதும்.

முதலில் எழுதுகிறவர் பக்கத்துக் கணக்கு. பத்து செக்பாக்ஸ் இருந்தால் அந்த மென்பொருள் 1,024 விதமாக இயங்கலாம். இருபது இருந்தால் 10,48,576 விதம். முப்பதுக்குப் போனால் 107 கோடியைத் தாண்டிவிடும். இத்தனையையும் யாரும் சோதித்துப் பார்க்கப்போவதில்லை. பெரும்பாலான செட்டிங்ஸ் ஒன்றோடொன்று உரசுவதில்லை என்பதால் நடைமுறையில் நிலைமை இவ்வளவு மோசமும் இல்லை. ஆனால் உரசுகிற சில, எங்கே போய் உரசும் என்று முன்கூட்டித் தெரியாது. டூல்பாரை மறைத்து, டேப்களை இடப்பக்கம் வைத்து, எழுத்தின் அளவையும் கூட்டினால் மட்டும் தேடல் பெட்டி திரைக்கு வெளியே போய்விடுகிறது என்று ஒருவர் எழுதுவார். மூன்றில் ஏதேனும் இரண்டை மட்டும் வைத்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். தன் கணினியில் அது நடக்கவே இல்லை என்று டெவலப்பர் பதில் போடுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருப்பது வேறு வேறு மென்பொருளைப் பற்றி, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை டெஸ்க்டாப் உலகில் உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஹாவக் பென்னிங்டன். ரெட் ஹாட் நிறுவனத்தில் இருந்துகொண்டு, லினக்ஸ் கணினிகளுக்கான க்னோம் டெஸ்க்டாப்பில் வேலை செய்தவர். 2002-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம்: ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு விலை இருக்கிறது, அந்த விலைக்கு அது பெறுமா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். அந்தக் கட்டுரையில் எனக்குக் குறிப்பாகப் பிடித்தது, குறையை மூடிமறைக்கவும் செட்டிங் பயன்படுகிறது என்று அவர் சுட்டிக்காட்டியதுதான். ஒன்று சரியாக வேலை செய்யவில்லை என்றால் அதைச் சரிசெய்ய வேண்டும். 'சரியாக வேலை செய்' என்று ஒரு பொத்தான் வைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

அவர் எதற்கு எதிராகப் பேசினார் என்பதற்கு அன்றைய க்னோமே சாட்சி. 1.4, 2.0 பதிப்புகளில் ஜன்னல்களை நிர்வகித்தது சாஃபிஷ் என்ற நிரல். அதை லிஸ்ப் மொழியின் ஒரு கிளையில் எழுதி இஷ்டம்போல வளைக்கலாம். அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு, ஜன்னலை நகர்த்துவதில் இத்தனை தத்துவங்களா என்று தோன்றியிருக்கும். அதன் இடத்துக்குப் பென்னிங்டன் எழுதிய மெட்டாசிட்டி வந்தது. உள்ளே இருக்கும் பெரிய மனிதருக்கான சலிப்பூட்டும் விண்டோ மேனேஜர் என்று அதன் ரீட்மி கோப்பில் அவரே எழுதிவைத்திருந்தார். ஆத்திரப்பட்டவர்கள் நிறைய. ஆனால் ஜன்னல்களைப் பற்றி யோசிக்காமலே வேலை பார்த்தவர்கள் அதைவிட நிறைய பேர் என்பது என் எண்ணம். யோசிக்காதவர்கள் எங்கும் எழுதமாட்டார்கள் என்பதால் அவர்களை எண்ண முடியாது.

ஃபயர்பாக்ஸ் உலாவியின் கதை இன்னும் கூர்மையானது. அதன் செட்டிங்ஸில் 'ஜாவாஸ்கிரிப்டை இயக்கு' என்று ஒரு செக்பாக்ஸ் வெகுகாலம் இருந்தது. (ஜாவாஸ்கிரிப்ட் என்பது இணையப் பக்கங்களுக்குள் ஓடும் நிரல்மொழி.) 'படங்களைத் தானாக ஏற்று' என்று இன்னொன்று. இரண்டில் எதன் டிக்கை எடுத்துவிட்டாலும் இணையத்தின் பெரும்பகுதி உடைந்துபோகும். எடுத்தவருக்குத் தான் எடுத்தது நினைவிருக்காது. வீட்டில் வேறு யாராவதுகூட எடுத்திருக்கலாம். பக்கங்கள் திறக்காது. உலாவிதான் கெட்டுவிட்டது என்று வேறொன்றுக்கு மாறிவிடுவார். அப்போது ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவில் வடிவமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்த அலெக்ஸ் லிமி 2013-ல் இதை விவரித்து எழுதினார். கோடிக்கணக்கான பேருக்குக் கொடுக்கும் ஒரு பொருளை ஒரே டிக்கில் செயலிழக்கச் செய்யும் பொத்தானை ஏன் முன்வரிசையில் வைத்திருக்கிறோம் என்பது அவருடைய வாதம். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வந்த 23-ம் பதிப்பில் இரண்டும் காணாமல் போயின. அணைத்து வைத்திருந்தவர்களின் ஜாவாஸ்கிரிப்டும் அந்த அப்டேட்டோடு மறுபடி இயங்கத் தொடங்கியது.

செக்பாக்ஸை முன்வரிசையிலிருந்து எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். அதை அணைக்க விரும்புகிறவருக்கு எபவுட்:கான்ஃபிக் என்ற உள் செட்டிங்ஸ் பக்கம் எங்கே என்று தெரியும், அங்கே அந்தத் தேர்வு அப்படியேதான் இருந்தது. ஆனால் தெரிந்தே அணைத்து வைத்தவரின் முடிவைச் சொல்லாமல் புரட்டியது வேறு விஷயம். பாதுகாப்புக்காக அணைத்தவரும் அதில் உண்டு. தவறுதலாக அணைத்தவர்கள்தான் அதிகம் என்று மொஸில்லா கணித்திருக்கலாம், அந்தக் கணிப்பு சரியாகவும் இருக்கலாம். இருந்தாலும் சிலருடைய கணக்கு கழித்துக்கட்டப்பட்டது.

டீஃபால்ட், அதாவது நாம் எதையும் மாற்றாதபோது இருக்கும் அமைப்பு, எவ்வளவு வலிமையானது என்பதற்கு ஜாரெட் ஸ்பூல் சொல்லும் ஒரு கதை உண்டு. பயன்பாட்டியல் ஆய்வாளர் அவர். மைக்ரோசாஃப்ட் வேர்ட் பயன்படுத்துகிறவர்களிடம் அவர்களுடைய செட்டிங்ஸ் கோப்பை வாங்கிப் பார்த்தார். எதையாவது மாற்றியிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் வேடிக்கை, தானாகச் சேமிக்கும் வசதி அப்போது டீஃபால்டாக அணைந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் எதையோ யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கும் என்று மக்கள் நம்பினார்கள். விசாரித்துப் பார்த்தால், அந்தக் கோப்பை முதலில் உருவாக்கிய நிரலாளர் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டு வைத்திருந்தார், அவ்வளவுதான் காரணம். எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால் டீஃபால்டைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்ற சோம்பல் வந்துவிடுகிறது. நிறைய செட்டிங்ஸ் உள்ள மென்பொருளில் டீஃபால்ட் அசட்டையாக இருப்பதை நான் அடிக்கடி பார்ப்பது இதனால்தான்.

இதுவரை படித்தவர்கள் என்னைக் கண்டிப்பான வடிவமைப்பாளர்களின் ஆள் என்று முடிவுகட்டியிருப்பீர்கள். ஓரளவுக்கு உண்மைதான். தெளிவான ஒரு பார்வை இருக்கும் மென்பொருளில் உட்கார்ந்தால் எனக்கு வேலை ஓடுகிறது. ஆனால் அந்தப் பார்வை பிசகும்போது எப்படிப் பிசகுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2004-ல் க்னோம் 2.6 வந்தபோது அதன் கோப்பு மேலாளரான நாட்டிலஸ் வேறு மாதிரி ஆகியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரும் தனி ஜன்னலில் திறக்கும். எந்த ஃபோல்டரின் ஜன்னலைத் திரையில் எங்கே, எந்த அளவில் விட்டீர்களோ, அடுத்த முறை அங்கேயே அதே அளவில் திறக்கும். ஃபோல்டர் என்பது ஒரு பொருள், பொருளுக்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தைக் கண் நினைவு வைத்துக்கொள்ளும் என்பது இதன் பின்னால் இருந்த சிந்தனை. கிறுக்குத்தனம் என்று இதைத் தள்ள முடியாது. பழைய மேக்கின்டாஷ் இப்படித்தான் இயங்கியது, அதை நேசித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் 1984-ன் மேக்கில் இருந்தது 400 கிலோபைட் ஃப்ளாப்பி. அதில் எத்தனை ஃபோல்டர் இருந்துவிடும்? இருபது வருடம் கழித்து ஒருவருடைய ஹார்டு டிஸ்க்கில் ஆறு, ஏழு அடுக்கு உள்ளே போனால்தான் தேடிய கோப்பு கிடைக்கும். போய்ச் சேர்வதற்குள் திரை முழுக்க ஏழு ஜன்னல். வந்த வழியை மூடிக்கொண்டே போக மிடில் க்ளிக் செய்ய வேண்டும், அதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

பழைய முறைக்குத் திரும்பும் வழி இருந்தது. ஆனால் அந்தப் பதிப்பில் அதை ஜிகான்ஃப் என்ற பதிவேட்டுக்குள் வைத்திருந்தார்கள். சில லினக்ஸ் விநியோகங்கள் (லினக்ஸையும் டெஸ்க்டாப்பையும் ஒன்றாகக் கட்டிக் கொடுப்பவை) தாங்களே அதைத் திருப்பிப்போட்டுத் தங்கள் பயனர்களுக்குக் கொடுத்தன. கடைசியில் 2010-ல் 2.30 பதிப்பில் க்னோமே டீஃபால்டை மாற்றிக்கொண்டது. ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் ஏழு ஜன்னலை மூடிக்கொண்டிருந்தவர்கள் கொடுத்த விலையை எந்தத் திட்டக் கணக்கிலும் பார்க்க முடியாது. டெவலப்பருக்கு மிச்சமான சோதனை நேரத்தை எண்ணிவிடலாம். பயனருடைய எரிச்சலை எண்ண ஆளில்லை.

எல்லாச் செட்டிங்கும் ஒரே ரகம் இல்லை என்று எனக்குத் தோன்றுவது இங்கேதான். 1984-ன் முதல் மேக்கையே எடுத்துக்கொள்வோம். வடிவமைப்புப் பிடிவாதத்துக்கு அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனாலும் அதில் சூசன் கேர் வடிவமைத்த ஒரு கன்ட்ரோல் பேனல் உண்டு. ஒரே ஒரு சின்னப் பலகை, உள்ளே சொற்களே கிடையாது, எல்லாம் படம். ஒலியின் அளவு. டபுள் க்ளிக்கின் வேகம். விசையை அழுத்திப் பிடித்தால் எழுத்து எவ்வளவு சீக்கிரம் திரும்ப விழ வேண்டும் என்பது, அதற்கு ஒரு முயலும் ஆமையும். கர்சர் கண்சிமிட்டும் வேகம். கடிகாரம். ஆசைக்கு, டெஸ்க்டாப்பின் பின்னணிக் கோலத்தைப் புள்ளி புள்ளியாக நீங்களே வரைந்துகொள்ளலாம். பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பின்னணிக் கோலத்தையும் கடிகாரத்தையும் விட்டால் ஏறக்குறைய எல்லாமே உடம்பு சம்பந்தப்பட்டவை. காது, விரல், கண். மெனு எங்கே இருக்க வேண்டும், ஜன்னல் எப்படித் திறக்க வேண்டும் என்றெல்லாம் அந்தப் பலகை உங்களைக் கேட்கவே இல்லை. அதை அவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள். உங்கள் விரல் எவ்வளவு வேகம் என்பதை அவர்களால் முடிவுசெய்ய முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தெரிந்திருந்தும் ஓரிடத்தில் மீறினார்கள். அந்த மேக்கின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகள் கிடையாது. மௌஸைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்டார்கள். பழைய நிரல்களை அப்படியே தூக்கிக்கொண்டு வராமல், மௌஸுக்கு ஏற்றபடி புதிதாக எழுத வேண்டும் என்று டெவலப்பர்களுக்கும் அது ஒரு நெருக்கடி. அந்த நோக்கம் நிறைவேறியது என்றே சொல்லலாம். ஆனால் ஒரு எழுத்து பின்னால் போகக்கூட விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மௌஸைத் தேட வேண்டியிருந்தது. 1986-ல் மேக் ப்ளஸ் வந்தபோது அம்புக்குறிகள் வந்துவிட்டன.

கை ஒன்றைப் பழகிவிட்டால் அது அறிவின் பேச்சைக் கேட்பதில்லை. தமிழில் தட்டச்சு செய்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்99 பழகியவரை அஞ்சலுக்கோ, பழைய தட்டச்சுப் பலகை பழகியவரை தமிழ்99-க்கோ மாறச் சொல்லிப் பாருங்கள். எது சிறந்த பலகை என்று மணிக்கணக்கில் வாதாடலாம், வாதம் முடிந்ததும் அவரவர் தன் பலகைக்கே திரும்பிப் போய்விடுவார்.

வெண்டி மக்கே என்ற ஆய்வாளர் எம்ஐடியின் அதீனா திட்டத்தில் 51 பேர் தங்கள் யூனிக்ஸ் சூழலை எப்படி மாற்றி வைத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1991-ல் எழுதினார். எனக்குத் தெரிந்து இந்தத் தலைப்பில் மிகவும் உபயோகமான ஆய்வு அதுதான். மக்கள் புதுமைக்காகச் செட்டிங்ஸை நோண்டுகிறார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர் கண்டவற்றில் முக்கியமான ஒன்று இதற்கு நேர்மாறு. மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போது, அதைப் பழையது போலவே நடந்துகொள்ள வைக்கத்தான் பலரும் செட்டிங்ஸைத் திறந்தார்கள். அதாவது, செட்டிங்ஸ் பல நேரம் ஆசையின் கருவி கிடையாது, தற்காப்பின் கருவி.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பிற்காலச் சண்டைகள் பல விளங்கும். 2012-ல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை எடுத்தது. அடுத்த ஆண்டே 8.1-ல் பொத்தான் திரும்பி வந்தது, மெனு முழுதாகத் திரும்ப 2015-ன் விண்டோஸ் 10 வரை ஆனது. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரைப் புதிதாக எழுதியிருந்தார்கள், திரையின் பக்கவாட்டில் வைக்கும் வசதி அதில் இல்லை. விண்டோஸ் 95 காலத்திலிருந்து இருந்த வசதி அது. பக்கவாட்டில் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேருக்கு அது விருப்பம் என்ற நிலையைத் தாண்டி, மௌஸ் தானாகப் போய் நிற்கும் இடமாகிவிட்டிருந்தது. முதலிலிருந்தே கொடுக்காமல் இருப்பதும் கொடுத்துவிட்டுப் பிடுங்குவதும் ஒன்றாகாது.

2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3 இதையெல்லாம் ஒரே மூச்சில் செய்தது. மினிமைஸ் பொத்தான் போயிற்று. கணினியை அணைக்கும் 'பவர் ஆஃப்' மெனுவில் தெரியாது, ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால்தான் தெரியும். கணினியை யாரும் அணைக்கத் தேவையில்லை, உறங்க வைத்தால் போதும் என்று யாரோ தீர்மானித்திருந்தார்கள். பழைய க்னோம் 2-ஐ அப்படியே காப்பாற்ற மாட்டே என்ற டெஸ்க்டாப் பிறந்தது, லினக்ஸ் மின்ட் என்ற விநியோகத்தின் பக்கத்திலிருந்து சின்னமன் என்ற இன்னொன்று பிறந்தது. கட்டற்ற மென்பொருளில் பயனரின் கோபம் முற்றினால் ஃபோர்க் ஆகிவிடும், அதாவது நிரலைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஆனால் க்னோம் 3-ல் எனக்கு நெருடுவது பொத்தான்கள் இல்லை, வெளியார் எழுதிச் சேர்க்கும் துணை நிரல்களான எக்ஸ்டென்ஷன்கள். 2011 கடைசியில் அதற்கென்று ஒரு தளமே திறந்தார்கள். எங்கள் பார்வை இதுதான், பிடிக்காதவர்கள் எக்ஸ்டென்ஷன் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்ற ஏற்பாடு. கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருக்கிறது. உள்ளே பார்த்தால், இந்த எக்ஸ்டென்ஷன்கள் டெஸ்க்டாப்பின் ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே புகுந்து அதன் உள்ளுறுப்புகளை மாற்றி எழுதுகிறவை. க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடும். உள்ளே ஏதாவது நகரும். எக்ஸ்டென்ஷன் உடையும். அதை எழுதியவர், பெரும்பாலும் சம்பளமில்லாமல் மாலை நேரத்தில் எழுதுகிறவர், திருத்தித்தர வேண்டும். 2023 செப்டம்பரில் 45-ம் பதிப்பு மாட்யூல் முறையை மாற்றியபோது, இருந்த எக்ஸ்டென்ஷன்கள் அத்தனையையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. செக்பாக்ஸைப் பராமரிக்கும் செலவு எங்களால் தாங்காது என்று சொன்னவர்கள், அதே செலவை யாரோ ஒரு தன்னார்வலர் தலைக்கு மாற்றிவிட்டார்கள். பயனருக்கோ மாற்றிக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கிறது, அதற்கு உத்தரவாதம் தருகிறவர் யாரும் இல்லை. இதற்குப் பதில் 'முடியாது' என்று நேராகச் சொல்லியிருந்தால் வேறு டெஸ்க்டாப் பார்த்துக்கொண்டு போயிருப்பார்.

எக்ஸ்டென்ஷன்களுக்குக் கதவை முழுதாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஃபயர்பாக்ஸே பாடம். அதன் பழைய ஆட்-ஆன்கள் உலாவியின் எந்த மூலைக்குள்ளும் கையைவிடலாம். அற்புதமான ஆட்-ஆன்கள் வந்தன. விளைவாக, உலாவியின் உள்ளே எதை அசைத்தாலும் யாரோ ஒருவருடைய ஆட்-ஆன் உடைந்தது. பல புராசஸ்களாகப் பிரித்து வேகமாக்க வேண்டிய நேரம் வந்தபோது நகரவே முடியவில்லை. 2017 நவம்பரில் 57-ம் பதிப்பு பழைய ஆட்-ஆன் முறையையே வெட்டிவிட்டது. வேகம் கிடைத்தது. பல வருடமாகச் சேர்த்துவைத்த ஆட்-ஆன்களை இழந்தவர்களின் கோபமும் கிடைத்தது. இரண்டும் நியாயம்தான். இந்த இடத்தில் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

உடம்பு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. 2013-ல் ஆப்பிள் ஐஓஎஸ் 7-ஐ வெளியிட்டபோது திரை முழுக்கப் பெரிதாகிப் பாயும் அசைவுகளைச் சேர்த்தது. சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தது. அசைவைக் குறைக்கும் ஒரு செட்டிங்கை விரிவாக்கி, அந்தப் பாய்ச்சலையும் அணைக்கும்படி செய்தார்கள். கைபேசியில் நடந்தது என்றாலும், இன்று மேக்கிலும் விண்டோஸிலும் க்னோமிலும் அசைவை அணைக்கும் ஸ்விட்ச் இருக்கிறது. இதை யாரும் வடிவமைப்பின் தோல்வி என்று சொல்வதில்லை. மிகக் கண்டிப்பான வடிவமைப்பாளர்கூட இந்த ஸ்விட்சோடு சண்டை போடமாட்டார். அப்படியானால் க்ளிக்கின் வேகம், எழுத்தின் அளவு, விசைகளின் இடம், மௌஸ் போகும் ஜன்னல் தானாக முன்னால் வருமா வராதா என்பதெல்லாமும் அதே குடும்பம்தானே? நிறம், உருவம், ஜன்னலின் மூலை வளைவு இதையெல்லாம் டிசைனரே முடிவுசெய்துவிட்டுப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ-யின் ப்ளாஸ்மா, எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதற்குப் பேர்போனது. ஆனால் அங்கேயும் டீஃபால்டை யாரோ முடிவுசெய்தாக வேண்டும். பல காலமாக அதில் ஒரே க்ளிக்கில் ஃபோல்டர் திறந்துவிடும். மற்ற டெஸ்க்டாப்களில் டபுள் க்ளிக் பழகி வருகிறவர்களுக்கு இது பெரிய தடுமாற்றம், ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போனால் திறந்துகொள்ளும். ப்ளாஸ்மாவைக் கொடுக்கும் லினக்ஸ் விநியோகங்கள் பலவும் தாங்களாகவே டபுள் க்ளிக்குக்கு மாற்றித்தான் கொடுத்துக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் ப்ளாஸ்மா 6 வந்தபோது கேடிஇ-யும் டபுள் க்ளிக்கை டீஃபால்டாக்கியது. புதிதாக வருகிறவரின் கை எதைப் பழகியிருக்கும் என்று பார்த்து எடுத்த முடிவு. ஒற்றை க்ளிக் பழகியவர்களுக்கான தேர்வு செட்டிங்ஸில் அப்படியே இருந்தது, அதற்கு எக்ஸ்டென்ஷன் தேடி அலைய வேண்டியதில்லை.

நான் ஒற்றை க்ளிக் ஆள். டீஃபால்டை மாற்றியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். புதிதாக நிறுவும் ஒவ்வொரு கணினியிலும் முதல் வேலையாக அதைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.